மன்னிப்புக்கு அச்சில்லை

டிசம்பர் ஒன்பது, காலை ஐந்து மணி.
வார்டோ தீவில் அது விடியாத மாதம்.
குன்வோரின் அஞ்சல்பெட்டியை இடித்தது நானில்லை,
பனிவாரும் வண்டியின் இடப்பக்கத் தகடு
என்று நகராட்சிப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்.
படிவத்துக்கு அது போதும்.

பச்சைப் பெட்டி. ஒற்றைக் காலில் நின்றது.
இப்போது கால் மட்டும் நிற்கிறது.

தினமும் அந்தக் காலைத் தாண்டித்தான் போகவேண்டும்.
ஏழாம் நாள் தாளவில்லை.

வியாழன்தோறும் நூலகத்தில் வாழ்த்து அட்டை மேசை.
ஆண்கள் வருவதில்லை. போனேன்.
கையுறை கழற்றாமல் வாசலில் நின்றவனுக்கு
யோர்டிஸ் காலால் ஒரு நாற்காலியைத் தள்ளினாள்.
பேச நேரமில்லை அவளுக்கு,
இன்னும் பதினோரு அழைப்பிதழ் பாக்கி.

டப்பாவைத் துழாவினேன். ரப்பர் அச்சுகள்:
பிறந்தநாள், புதுமனை, விரைவில் நலம் பெறுக,
நன்றி மட்டும் நான்கு அளவில்.
மன்னிப்புக்கு அச்சில்லை.
அடிக்கடி தேவைப்படுவதில்லை போலிருக்கிறது.

சரி, பறவை.
சிறகு விரித்த கடற்புள் ஒன்று கிடைத்தது.
கோடையில் எங்கள் ஜன்னல் விளிம்பெல்லாம்
கூடு கட்டிக் கத்துமே, அந்த ஜாதி.

பிளாஸ்டிக் தாளில் நீல மைத்திண்டை இழு.
இரண்டு பீச்சு தண்ணீர்.
அட்டையைக் கவிழ். மூன்று எண்ணு. எடு.
அவ்வளவுதான் என்றது குறிப்பு.

முதல் அட்டை சாக்கடை.
இரண்டாவதில் நீலம் ஒரு மூலைக்கு ஓடி
அங்கேயே ஒளிந்துகொண்டது.
இருபத்தொரு ஆண்டாக
உறைந்த தண்ணீரை ஓரம் தள்ளுவது என் தொழில்.
இங்கே அது உருகி வந்து
என்னை ஓரம் தள்ளுகிறது.

ஈரத்தில் உப்புத் தூவினால் நட்சத்திரம் பூக்குமாம்.
உப்பா?
இந்தக் குளிருக்கு மட்டும் ஒன்பது டன் கொட்டியிருக்கிறேன்,
துறைமுகத் தெருவில் ஒன்றாவது பூத்ததா?
இருந்தும் ஒரு சிட்டிகை போட்டேன்.
யோர்டிஸ் பார்க்காதபோது குனிந்து பார்த்தேன்.

பூத்தது.

காயுமுன் பதித்தால் பறவைக்கு மயிர் முளைக்கும்.
காத்திருந்தேன். ஊதினேன்.
காத்திருக்கும் நேரத்தில் என் கைகளைப் பார்த்தேன்:
கியர் பிடித்த கைகள்,
அந்தச் சின்ன மேசையில்
யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி.
பிறகு கண்ணாடிக் கட்டையை நேராக இறக்கி
மூச்சை அடக்கி அழுத்தினேன்.

உள்ளே எழுதுவதற்கு அச்சு உதவாது.
'தகடு' என்று தொடங்கினேன்.
அடித்தேன்.
அடித்தது தெரியாமல் ஒரு நீலத் துளி விட்டேன்,
துளிக்கடியில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது தகடு.
பக்கத்தில் எழுதினேன்:
நான்தான் இடித்தேன்.

வண்டிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது,
அட்டை இருக்கிறது,
போடுவதற்குப் பெட்டி இல்லை.

கதவைத் தட்டலாம்.
தட்டுகிற ஆளாக இருந்தால் அட்டை எதற்கு?

ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு
அந்த ஒற்றைக் காலில்
துணி காயவைக்கும் கவ்வியால் மாட்டினேன்.
பனி பெய்துகொண்டிருந்தது.
மை நீரில் கரையும் வகை.

இரண்டு நாள் பை அங்கேயே ஆடியது.
மூன்றாம் நாள் அதே பை, அதே கவ்வி,
உள்ளே வன்பொருள் கடையின் ரசீது:
அஞ்சல்பெட்டி ஒன்று, அறுநூற்று நாற்பது குரோனர்.
திருகாணி நான்கு, தனியாக.
அடியில் பென்சிலில், சாய்வான எழுத்தில்:
'பறவை மல்லாந்து பறக்கிறது.
நீலம் பரவாயில்லை.'

பணம் கட்டினேன்.
திருகாணிகளையும் நானே முடுக்கினேன்,
தகட்டை உயரத் தூக்கி வைத்துவிட்டு,
வண்டி விளக்கின் மஞ்சளில்.
அவள் சமையலறை ஜன்னல் ஒருமுறை எரிந்து அணைந்தது.

வியாழன் மறுபடி போகவேண்டும்.
அந்தக் கட்டையில்
எது மேல், எது கீழ் என்று
ஒரு புள்ளி வைத்துவிட்டு வரவேண்டும்.